தட்டின் அடியில் ஒட்டிய சீட்டு

அந்தப் பித்தளைத் தட்டைக் கவிழ்த்தால் அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். நீல மையில் மூன்று வரிகள். பொருள்: வெற்றிலைத் தட்டு. இடம்: குரங்கணிக்கு மேல். நோக்கம்: 3. கையெழுத்து என்னுடையது. பதினைந்து ஆண்டுகளாகக் கடல் கடந்து ஒரு பல்கலைக்கழக அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தட்டு, போன மாதம் போடியில் என் வீட்டு வாசலில் கூரியரில் வந்து இறங்கியது. கூடவே ஒரு கடிதம். பேராசிரியரின் மகள் எழுதியிருந்தாள். அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது, அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள், அப்பாவோடு மலையேறியவர் என்ற முறையில் நீங்களும் ஒரு கட்டுரை தர வேண்டும், உங்களைப் பற்றி அப்பா அடிக்கடி பேசுவார் என்று. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தகப்பனை இழந்தவள். ஆனால் அவர் என்னைப் பற்றி அடிக்கடி பேசினார் என்பதை மட்டும் நான் நம்பத் தயாராக இல்லை. அப்படி நினைவிருந்தால் புத்தகத்தின் நன்றியுரையில் என் பெயரைத் தப்பாக அச்சிட்டிருக்க மாட்டார்.

நினைவு மலருக்கு நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைத் திட்டுவது அழகில்லை என்று எனக்கும் தெரியும். அழகு பார்க்கும் நிலையில் நான் இல்லை.

பேராசிரியர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபமெல்லாம் அதில்தான் இருக்கிறது. சிறு பிள்ளையைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். தன் பையைத் தானே தூக்குவார். கேப்பைக் களியைப் போட்டாலும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பார். மெல்லிய குரல், கசங்கிய கதர் ஜிப்பா, எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கும் பாங்கு. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்றைக்கே நாங்கள் சுதாரித்திருப்போம். இவ்வளவு பணிவாக ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சட்டம், தத்துவம், வரலாறு, சமயம் ஆகிய நான்கு துறைகளும் சந்திக்கும் இடத்தில் நின்று தாம் ஆராய்வதாகச் சொல்வார். நான்கு தெரு சந்திக்கும் இடத்தில் நின்றால் நான்கு பக்கமும் வண்டி வரும் என்றுதான் போடிக்காரியான எனக்குத் தோன்றும். அவர் மேல் ஒரு வண்டியும் ஏறவில்லை. ஏறியது வேறு ஆட்கள் மேல்.

நான் அப்போது தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு டுடோரியலில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஏலக்காய் சலித்துத் தரம் பிரிக்கும் கடை. வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் ஏலக்காய் வாசனை அடிக்கும், புடவையைத் துவைத்தாலும் போகாது. கான்ட், ஹெகல் என்று படித்துவிட்டு, சல்லடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பையன்களின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தவளிடம், களஆய்வுக்கு உள்ளூரில் படித்த ஆள் வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டால் எப்படி இருக்கும்? தலைகால் புரியவில்லை. அவர் தமிழர்தான். ஆனால் சின்ன வயதிலேயே வெளியே போய்விட்டவர். மலைக்காரர்களின் பேச்சு பாதிதான் பிடிபடும். மீதிப் பாதிக்கு நான். 'நீங்கள் என் காது' என்பார். அதைக் கேட்டு அன்று பூரித்துப் போனேன். காது என்றால் கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு சோலியைத்தான் நான் செய்யவில்லை.

குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதை முடியும் இடத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. முப்பது, நாற்பது வீடு இருக்கும். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, புத்தகத்தில் ஏறியது போதும். அந்த ஊரிலிருந்து அரை மணி நேரம் மேலே நடந்தால் பாறையிடுக்கில் ஓர் ஊற்று. ஊற்றுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரக் கல் ஒன்று. அதுதான் ஊத்தம்மா. ஊரில் பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பது அங்கே. யாராவது இறந்தால் பதினாறாம் நாள் நீர் வார்ப்பதும் அங்கே. ஊருக்கும் ஊற்றுக்கும் நடுவில் ஏலத்தோட்டம். தோட்டம் வருவதற்கு முன்பே பாதை இருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் பிறகுதான் செடி வைத்தார்கள்.

ஆவணியில் ஊத்தம்மாவுக்குச் சாமி கும்பிடுவார்கள். அதற்கு எட்டு நாள் முன்பு பூசாரியும் அவர் மனைவியும் குளித்துவிட்டு ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அந்தப் பருவத்தில் முதலில் எடுத்த பச்சை ஏலக்காய் ஒரு கை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு தோட்டத்து வாசலுக்குப் போவார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வெளியே வருவார். தட்டை நீட்டுவார்கள், அவர் இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக்கொள்வார். சாமி கும்பிடும் நாளன்று தோட்டத்து முதலாளி வீட்டார் வந்து, ஊரார் போட்ட சமுக்காளத்தில் உட்கார்ந்து, பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். விஷயம் இவ்வளவுதான். பேராசிரியர் அதை இரண்டு கேமராவில் படம் பிடித்தார்.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஊரிலிருந்தே அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு தாள். என்ன நாள், என்ன பொருள், யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் நோக்கம். அதற்கு ஐந்து எண்கள். ஒன்று வேண்டுதல், இரண்டு நன்றி, மூன்று அனுமதி, நான்கு பரிகாரம், ஐந்து பிற. ஐந்து போட்டால் பின்பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதலாம், கை ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் ஐந்துகள் கூடினால் பேராசிரியரின் முகம் லேசாக வாடும். 'ஐந்து அதிகமானால் தரவு பேசாதும்மா' என்பார். தரவு பேசட்டும் என்பது அவருடைய தாரக மந்திரம். தினமும் பத்துத் தடவையாவது சொல்வார். ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் சொல்வார்.

அன்று மாலை பூசாரியின் மனைவியான அக்காவிடம் நான்தான் கேட்டேன். பேராசிரியர் ஊற்றுப் பக்கம் போயிருந்தார். அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எதற்கு அக்கா தோட்டத்துக்குத் தட்டு கொண்டு போகிறீர்கள் என்று கேட்டதற்கு, இது ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அவுக வெளியாளுகதான ஆத்தா. பெறகு வந்தவுக. நம்ம சாமி கும்புடுறப்ப வெளியாளுக்கு வெத்தல வைக்காம எப்படி? அழைக்காம வந்து நின்னா அவுகளுக்கும் கூச்சம், நமக்கும் கேவலம்."

"அப்ப எனக்கு மட்டும் வெத்தல கெடையாதாக்கா?" என்றேன் விளையாட்டாக.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஒனக்கு எதுக்கு? நம்ம வீட்டுப் புள்ளைக்கு யாராச்சும் தட்டு நீட்டுவாகளா? நீ பாட்டுக்கு வா, பானையக் கிண்டு, தின்னுட்டுப் போ."

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வந்து ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்தேன். எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. கடைசிக் கட்டம். அழைப்பு என்று ஓர் எண் இல்லை. அன்றைக்கு ஏற்கெனவே நான்கு ஐந்துகள் போட்டிருந்தேன். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே, "டீச்சரக்கா, வெரசா முடிங்க, சாரும் வந்துட்டாக. மேகம் எறங்குச்சுன்னா வளைவு தெரியாது" என்றான். வேண்டுதல் இல்லை, நன்றி இல்லை, பரிகாரமும் இல்லை. மிச்சமிருந்ததில் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் இருந்த ஒன்றைப் போட்டேன். 3. பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, 'அருமை' என்றார்.

வேறு ஊர்க்காரர் யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் போடியில் பிறந்தவள். வெற்றிலை வைத்து அழைப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் நாய்க்கும் தெரியும். என் அத்தை ஒருத்தி, சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தட்டில் வைக்காமல் ஸ்கூட்டரில் இருந்தபடியே நீட்டினார்கள் என்பதற்காகப் போகாமல் இருந்துவிட்டாள். பதினொரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அழைக்கிறவன் வீட்டுக்காரன், அழைக்கப்படுகிறவன் விருந்தாளி. தட்டு நீட்டுகிறவன் கையில்தான் வீட்டுச் சாவி இருக்கிறது. எங்கள் கடையில் மூட்டை தூக்கும் ஆளிடம் கேட்டாலும் சொல்வான். தத்துவத்தில் எம்.ஏ. படித்த எனக்கு அந்த ஐந்து நிமிஷம் அது மறந்துபோயிற்று. மறக்கவில்லை. சோம்பல் பட்டேன். மறந்தேன் என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

கிளம்பும் அன்று பேராசிரியர் பூசாரியிடம் அந்தத் தட்டைக் கேட்டார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார், பாவம். விருந்தாளி வாய் திறந்து கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லும் பழக்கம் அந்த ஊரில் கிடையாது. பூசாரி துடைத்துக் கொடுத்தார். பெட்டியில் வைப்பதற்கு முன் அடியில் சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார் பேராசிரியர், எழுதி ஒட்டினேன். தாளில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினேன். மறுபடி ஒரு முறை யோசிப்பதற்கு அது ஒரு வாய்ப்பு. அன்றைக்கு ஹாரன்கூட அடிக்கவில்லை.

புத்தகம் மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. அட்டையில் அந்தத் தட்டு, கறுப்புப் பின்னணியில், அரசனின் கிரீடம் மாதிரி. எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். ஏழாம் அத்தியாயம் முழுக்க எங்கள் மலைதான். ஊரார் ஆண்டுதோறும் நிலவுடைமையாளரிடம் காணிக்கை செலுத்திப் பாதைக்கு அனுமதி வேண்டுகிறார்களாம். மறுக்க முடியாத வகையில் மண்டியிடுவதுதான் எளியவர்களின் அரசியலாம். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூசாரி வீட்டு அக்கா மண்டியிட்டு நான் பார்த்ததே இல்லை, அடுப்பு ஊதும்போதுகூடக் குத்துக்காலிட்டுத்தான் உட்காருவாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அத்தியாயத்தின் அடித்தளம் என்ன என்று பார்த்தேன். கள ஆவணம், நோக்கம் 3. நான்.

ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இங்கிலீஷ் புத்தகம், யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் அறிஞர்கள் ஒருவரை ஒருவர் படிக்கிறார்கள். வேறு எதையும் படிப்பதில்லையே தவிர, அதைப் படிக்கிறார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் நான் ஒரு நோயாளிபோல அந்த அத்தியாயம் எங்கெல்லாம் போகிறது என்று இணையத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். சட்டத் துறைக்காரர் ஒருவர் அதை வைத்து, சடங்கே ஒரு வகை உரிமம் என்று எழுதினார். தத்துவக்காரர் ஒருவர் கேட்பவனும் கொடுப்பவனும் ஒருவரையொருவர் உருவாக்குகிறார்கள் என்றார். வரலாற்றுக்காரர் ஒருவர் இது ஜமீன் காலத்துக் காணிக்கையின் மிச்சம் என்றார், ஜமீன்காரர் அந்த மேட்டில் கால் வைத்தாரா என்று யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சமயத் துறை அம்மையார் ஒருவர் சொத்துக்கே இங்கே தெய்வத்தன்மை வந்துவிடுகிறது என்றார். நால்வரும் ஓர் இணையக் கருத்தரங்கில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒருவரையொருவர் மரியாதையாக மறுத்துக்கொண்டதை இங்கே போடியில் என் அறையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். அவர்களுக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு. அந்த மூன்றில் மட்டும் யாருக்கும் வேறுபாடு இல்லை. இத்தனை படித்தவர்களில் ஒருவருக்காவது பஸ்சைப் பிடித்து வந்து அந்த அக்காவிடம் எதற்கு இந்தத் தட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

பிறகு தோட்டம் கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள், சுற்றுலா விடுதி கட்டும் எண்ணம். முதல் வேலையாகப் பாதையில் இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டினார்கள். இப்போது ஊற்றுக்குப் போக வேண்டுமானால் ஓடையில் இறங்கிச் சுற்றி மூன்று மணி நேரம் ஏற வேண்டும். பூசாரிக்கு முழங்கால் போய்விட்டது, அந்த வழியில் அவரால் ஏற முடியாது. பூசாரி போகாமல் சாமி கும்பிட முடியாது. இறந்துபோன இருவருக்கு இன்னும் நீர் வார்க்கவில்லை. ஊரார் வழக்குப் போட்டார்கள். எங்கள் தெரு வக்கீல் அண்ணன்தான் எடுத்து நடத்தினார். பாதை கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒருநாள் ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அட்டையில் தட்டு. உள்ளே ஏழாம் அத்தியாயத்தில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன.

வக்கீல் அண்ணன் அன்று சாயங்காலம் எனக்கு விளக்கினார். "ஒரு பாதைல காலங்காலமா இது எங்க பாதைன்னு நெனச்சு நடந்தாத்தாம்மா சட்டத்துல அது உரிமை. ஒருத்தன்கிட்டக் கேட்டுட்டு நடந்தா, அது அவன் குடுக்குற சலுகை. நாளைக்கு மாட்டேன்னா மாட்டேன்தான். வருஷா வருஷம் வெத்தல வச்சுக் கேட்டாகன்னு ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரே எழுதியிருக்காருல்ல." அவருக்கு அந்த மூன்று யார் போட்டது என்று அப்போது தெரியாது. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பேராசிரியருக்கு எழுதினேன். மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதினேன், அக்கா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். தட்டு அழைப்புக்குத்தான், அனுமதிக்கு அல்ல என்று நீங்கள் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் தந்தால் போதும் என்று கேட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. எவ்வளவு அழகான பதில்! என் நேர்மை தம்மை நெகிழவைத்ததாம். ஒரு நூல் வெளிவந்த பிறகு அதன் மேல் ஆசிரியனுக்கு உரிமை கிடையாதாம். ஒரு வழக்கில் ஒரு தரப்புக்காகப் பேசுவது ஆய்வின் நடுநிலைக்கு உகந்ததல்லவாம். இருந்தாலும் இரண்டாம் பதிப்பு வரவிருக்கிறது, அதில் ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பாராம். முப்பது வீட்டுக்காரர்களின் பாதைக்கு ஓர் அடிக்குறிப்பு. அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு நான் கத்திய கத்தலில் கீழே சல்லடை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மேலே ஓடி வந்துவிட்டார்கள்.

சொன்ன சொல் தவறவில்லை, அடிக்குறிப்பு வந்தது. கள உதவியாளர் ஒருவர் இச்சடங்கை அழைப்பாகவும் கொள்ளலாம் எனப் பின்னர் தெரிவித்தார் என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. மேலே உரையில் ஒரு சொல்லும் மாறவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பதிப்பை எடுத்துக்கொண்டு இரண்டாம் பதிப்பை வைத்தார். ஆசிரியர் மாற்றுக் கருத்தையும் கேட்டிருக்கிறார், நன்றாக யோசித்திருக்கிறார், அதன் பிறகும் தம் முடிவை மாற்றவில்லை என்று அந்த அடிக்குறிப்பையே சத்தம் போட்டுப் படித்தார். உதவி செய்கிறேன் என்று அவர் செய்த ஒரே காரியம் அதுதான். அதுவும் இப்படி ஆனது.

அதற்கடுத்த மாதம் பேராசிரியர் தூக்கத்திலேயே இறந்துபோனார். செய்தி தெரிந்ததும் வக்கீல் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆள் இருந்தா எப்படியாச்சும் கேள்வி கேட்டுப் பதில் வாங்கலாம். இனிமே புத்தகம் மட்டுந்தான் பேசும்." தரவு பேசட்டும், தரவு பேசட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கடைசியில் தாம் வாய் திறக்காமல் தரவை மட்டும் பேசவைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வக்கீல் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். பின்னால் பெஞ்சில் பூசாரியும் அக்காவும் இன்னும் நான்கைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருந்த தாளின் நகலை நீட்டினார்.

"இந்த மூணு யார் போட்டது?"

"நான்."

"அந்தம்மா அழைப்புன்னு சொன்னது அப்பவே ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மூணு போட்டீங்க?"

"ஜீப்பு ஹாரன் அடிச்சுச்சு. போட்டுட்டேன்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு ஹாரனுக்காக மாற்றி எழுதியவர் இன்றைக்கு எதற்காக மாற்றிச் சொல்கிறார் என்று அந்த வக்கீல் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இறங்கும்போது அக்காவைப் பார்த்தேன். அதுவரை அந்தப் பெரிய மனுஷன்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. வாசலில் போய் நின்று அக்கா என்றேன். "பஸ்சுக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கேட்டுக்கு முன்னால் இந்த வருஷம் தட்டு வைக்கவே கூடாது என்று வக்கீல் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் பூட்டிய கேட்டுக்கு முன்னால் வைத்த வெற்றிலையை வாட்ச்மேன் போட்டோ எடுத்து, இன்னும் அனுமதி கேட்கிறார்கள் பாருங்கள் என்று அதையும் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். ஆக, நடக்கிற உரிமை வேண்டுமென்றால் அழைக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வீட்டுக்காரர்கள் என்று நிரூபிப்பதற்காக வீட்டுக்காரர்கள் செய்கிற காரியத்தைச் செய்யாமல் இருக்க வேண்டும். நான்கு துறையும் சேர்ந்து அந்த ஊருக்குச் செய்த நன்மை இது. இதைப் பற்றியும் யாராவது ஒரு கட்டுரை எழுதுவார்கள்.

தட்டை எடுத்துக்கொண்டு போன வாரம் மேலே போனேன். அக்கா வீட்டில்தான் இருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தட்டைக் கொடுத்தேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். அடியில் இருந்த சீட்டில் அவள் விரல் நின்றது. எழுத்து தெரியாது, எண் தெரியும்.

"இதுதானா அது?"

"இதுதான்க்கா."

புளியைக் கரைத்துக் கொண்டுவந்து சீட்டின் மேல் ஊற்றி ஊறவிட்டாள். நகத்தால் கீறினாள், தேங்காய் நாரால் தேய்த்தாள். பசை கெட்டியாக ஒட்டியிருந்தது, நல்ல பசை, வெளிநாட்டுப் பசை. கடைசியில் வந்துவிட்டது. அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. பூசாரி கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வக்கீலு சொல்லிட்டாருன்னு இந்த வருஷம் யாரையுமே அழைக்கல. ஊத்தம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார், என்னிடமா அக்காவிடமா என்று தெரியவில்லை. அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது தட்டில் வெற்றிலை இருந்தது. பாக்கு, மஞ்சள், ஒரு கைப் பச்சை ஏலக்காய். என் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"வர்ற வெள்ளிக்கெழம சாமி கும்புடுறோம். சுத்து வழியாத்தான் போறோம், இவுகள டோலில தூக்கிக்கிட்டு. நீங்களும் அவசியம் வந்துருங்க."

அவள் வாயிலிருந்து எனக்கு 'நீங்க' வந்தது அதுதான் முதல் தடவை. நானும் போடிக்காரி, யாருக்குத் தட்டு நீட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டம், தத்துவம், வரலாறு, சமயம் எல்லாம் படித்த அத்தனை பேரும் அந்த நேரம் என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அக்கா என்னிடம் எந்த அனுமதியும் கேட்கவில்லை. வெளியாளை முறையாக அழைத்தாள். இரண்டு கைகளையும் நீட்டி வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.